காலும் காலணியும்

கோவண்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து சிவாஜி நகர்ப் பக்கமாக நடப்பவர்கள், சாலையோரத்தில் காலணிகள் குவிந்து கிடப்பதைக் காணாமல் போக முடியாது. தார்ப்பாயின்மேல் பரப்பிய ரப்பர்ச் செருப்புகள், கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட பள்ளிப் பிள்ளைகளின் கறுப்பு பூட்ஸுகள், பெண்களுக்கான குதியுயர்ந்த செருப்புகள் என்று பலவும் அங்கே உண்டு. அவற்றின் அடியில் 6 என்றும் 7 என்றும் 8 என்றும் எண் பொறித்திருக்கிறது. வாங்குகிறவர் எண்ணைச் சொல்லுகிறார். விற்கிறவர் எடுத்துப் போடுகிறார். அரை நிமிஷத்தில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது, யாருடைய காலை அளந்து ஏற்பட்டது, நம்முடைய காலுக்கு அது பொருந்துமா என்று நாம் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் ஒரு சரித்திரமே விரிகிறது. அதில் முக்கியமானதோர் அத்தியாயம் நம் தமிழ்நாட்டிலேயே, வேலூருக்குப் பக்கத்தில் நடந்தது.

தோலுக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு யாவரும் அறிந்ததே. பாந்திராவில் இருந்த நகராட்சி இறைச்சிக் கூடம் 1971ஆம் ஆண்டில் கோவண்டியை அடுத்த தேவனாருக்கு மாறிற்று. அங்கிருந்து புறப்படும் தோல் தாராவிக்குப் போயிற்று. தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள். சுண்ணாம்புத் தொட்டிகளில் நின்று உழைத்தவர்களில் அதே சீமையின் ஆதிதிராவிட மக்கள் ஏராளம். பிற்காலத்தில் பதனிடும் கூடங்கள் பலவும் தாராவியை விட்டு அகன்றன; ஆனால் தோலைத் தைத்துப் பையும் பெல்ட்டும் காலணியும் செய்கிற கைத்திறன் அங்கே நிலைத்துவிட்டது.

அந்த உழைப்பாளிகளில் பலர் விட்டு வந்த கிராமங்களில் செருப்பு அணிவது ஓர் உரிமைப் பிரச்சினையாக இருந்தது. 1930ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மீது மேல்சாதியார் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்ற அதிகாரி அவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். தங்க வெள்ளி நகை கூடாது, சட்டையும் பனியனும் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில் எட்டாவது தடை, ஆண்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது என்பது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், பம்பாய்த் தெருவில் முதன்முதலாக ஒரு ஜோடிச் செருப்பை மாட்டிக்கொண்டு யாருக்கும் அஞ்சாமல் நடந்தபோது, அது கடிக்கிறதா, தளர்கிறதா என்று ஆராய்ந்திருக்க மாட்டார்கள். காலில் செருப்பு இருந்ததே பெரிது. பேரன் பேத்திகளின் காலம் வந்துவிட்ட பிறகு, அடுத்த கேள்வியைக் கேட்கலாம் அல்லவா? செருப்பு கிடைத்தது, அது காலுக்கு ஏற்றதுதானா?

பழந்தமிழருக்குக் காலணி புதிதன்று. பட்டினப்பாலையில் ‘தொடுதோல்’ என்ற சொல் வருகிறது. முள்ளும் பரலும் நிறைந்த நிலத்தில் திரிந்த எயினரின் கால்களைக் காத்தது அது. இராமாயணத்தில் பாதுகை பெற்ற பெருமையோ வேறு. அது அரியணையில் ஏறி அமர்ந்து நாட்டையே ஆண்டது! ஆயினும் நாம் பேசப் புகுவது தோளிலும் தலையிலும் சுமையேற்றிக்கொண்டு நடக்கிற கால்களின் காலணியைப் பற்றியே.

இப்போது அந்த எண்ணின் கதைக்கு வருவோம். ஆங்கிலேயர் பழைய காலத்தில் ஒரு பார்லி மணியின் நீளத்தை அளவாகக் கொண்டார்கள்; மூன்று மணிகளை வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். காலணியின் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இன்றும் அந்த ஒரு மணியளவுதான், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. குழந்தைகளின் அளவு 13 வரை ஏறி, பிறகு பெரியவர்களுக்கு மறுபடியும் 1 என்று தொடங்கும். ஐரோப்பாக் கண்டத்தாரின் கணக்கு வேறு. அவர்கள் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு படியாக வைத்து 40, 41, 42 என்று எண்ணுகிறார்கள். இவ்விரண்டும் நீளத்தை மட்டுமே சொல்லுகின்றன. அந்த நீளமும் நம் காலின் நீளமன்று; காலணி தைப்பதற்காகக் காலின் உருவில் செய்து வைத்திருக்கும் அச்சுக் கட்டையின் நீளம். ஒரு தொழிற்சாலையின் கட்டை மற்றொன்றின் கட்டையைப் போல் இராது. ஆகையால் ஒரு கடையின் 8 இன்னொரு கடையின் 8 ஆக இருப்பதில்லை.

கட்டையின் உருவமாவது சரியாக இருந்ததா? ஐரோப்பாவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில், வலக்காலுக்கும் இடக்காலுக்கும் ஒரே கட்டையில்தான் தைத்தார்கள்! வலம், இடம் என்ற பேதமே இல்லாத நேர்க் காலணிகள் அவை. ஹாலந்து தேசத்து உடற்கூற்று அறிஞர் பெட்ரஸ் காம்பர் 1781ஆம் ஆண்டில் காலணியைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். குதிரையின் குளம்புக்கு லாடம் அடிப்பதில் காட்டும் கவலையை மனிதரின் காலுக்கு யாரும் காட்டவில்லை என்பது அவருடைய வருத்தம். 1850களில் ஜூரிச் நகரத்துப் பேராசிரியர் மேயர், பெருவிரல் குதிகாலோடு நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்றும், கூர்முனைக் காலணி அதை உட்புறமாக வளைத்து மூட்டைப் புடைக்கச் செய்கிறது என்றும் படம் போட்டுக் காட்டினார். நாகரிகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இன்றும் கடைக்குள் நுழைந்து பாருங்கள். பெண்களுக்கென்று வைத்திருக்கும் காலணிகளில் பல கூர்முனைதான்.

அறிஞர் சொல்லைக் கேட்டவை ராணுவங்களே. நடக்க முடியாத சிப்பாய் சண்டை போட முடியாதல்லவா? அமெரிக்க ராணுவ வைத்தியர் மன்ஸன் ஏறத்தாழ 2,000 சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்து, 1912இல் புதிய கட்டை ஒன்றை வகுத்தார். அவருடைய முறையில் ஒரு நுட்பம் உண்டு. சிப்பாயை உட்காரவைத்து அளக்கக் கூடாது. முதுகில் 40 ராத்தல் சுமையை ஏற்றி, முழுப் பாரமும் ஒரு காலில் விழும்படி நிற்கவைத்து அளக்க வேண்டும். பாரம் ஏறினால் பாதம் நீளுகிறது, அகலுகிறது. கோவண்டியிலும் மான்குர்டிலும் மூட்டை சுமந்து பிழைக்கிற நம்மவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுப் பார்த்து, ‘சரியாக இருக்கிறது’ என்று எழுந்து போவது எவ்வளவு பிசகு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

விஞ்ஞானமே வழி தவறியதும் உண்டு. 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காலணிக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டிகளை நிறுத்தியிருந்தார்கள். குழந்தை காலை உள்ளே நீட்டும். பூட்ஸுக்குள் விரலெலும்புகள் அசைவதைத் தாயும் கடைக்காரரும் குழந்தையும் மேலே உள்ள துவாரங்களின் வழியே வேடிக்கை பார்ப்பார்கள். கதிரியக்கத்தின் தீமை தெரிந்த பிறகு, 1957இல் பென்ஸில்வேனியா மாநிலம் முதலில் தடை செய்தது, மற்றவை பின்தொடர்ந்தன. எலும்பு தெரிந்ததே ஒழிய, கால் எங்கே அழுந்துகிறது என்பது அந்தப் பெட்டியில் தெரியவே இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர்கள் வலியே அறியாத கால்களையுடைய ஏழைகள். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில், கிறிஸ்தவ ஊழியர்களான பெற்றோருக்குப் பிறந்து, இங்கிலாந்தில் வைத்தியம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப் போய் நோயாளிகளைக் காட்டினார். மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைப் பிராண்ட் 1948இல் தொடங்கினார். கைகள் நிமிர்ந்தன. கால்களோ அவரைத் திகைக்க வைத்தன.

தொழுநோயாளியின் உள்ளங்காலில் புண் வந்தால் அது ஆறாது, சதை தானாகவே அழுகிவிடும் என்பது அந்தக் காலத்துக் கொள்கை. வைத்தியர்களும் அப்படியே நம்பினார்கள். பிராண்ட் புண்ணுள்ள காலை மாவுக்கட்டில் வைத்தார். சில வாரங்களில் புண் ஆறிற்று. அப்படியானால் சதையில் குற்றம் இல்லை. கட்டைப் பிரித்து ஊருக்கு அனுப்பினால், சில மாதங்களில் அதே இடத்தில் அதே புண்ணோடு ஆள் திரும்பி வந்தார். ஏன்?

விடை வலியில் இருந்தது. நம்மில் ஒருவர் புதுச் செருப்புடன் இரண்டு மைல் நடந்தால் ஓர் இடம் காந்தத் தொடங்கும். நாம் அறியாமலே நடையைச் சற்று மாற்றுகிறோம், பாரத்தைப் பாதத்தின் வெளி ஓரத்துக்குக் கொண்டு போகிறோம், விரலை மடக்குகிறோம், கடைசியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறோம். காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் நடப்பதற்கு வலியே நமக்கு ஆசான். நரம்பு மரத்துப்போனவருக்கு அந்த ஆசான் இல்லை. முதல் அடியும் பதினாயிரமாவது அடியும் அதே இடத்தில் அதே பாரத்தோடு விழுகின்றன. ஆணி குத்தினாலும் தெரியாது, சிறு கல் உள்ளே புகுந்தாலும் தெரியாது. கொப்புளம் எழும்பி, உடைந்து, புண்ணாகி, புண் எலும்பைத் தொட்ட பிறகும் அவர் நடந்துகொண்டே இருப்பார். காலை அழித்தது நோயின் நஞ்சு அல்ல; அழுத்தமே என்று வேலூரில் நிரூபணமாயிற்று.

அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும் காலணி ஒன்று வேண்டும். மரத்தால் செய்து பார்த்தார்கள், மெழுகில் அச்சு எடுத்துப் பார்த்தார்கள், பிளாஸ்டிக்கையும் சோதித்தார்கள். முடிவில் கைகொடுத்தது நுண்ணறை ரப்பர், வைத்தியர்கள் எம்.ஸி.ஆர். என்று சுருக்கிச் சொல்லுவது. ரொட்டியின் உள்ளே இருப்பதுபோல் இதனுள்ளும் காற்றறைகள் நிறைந்திருக்கும். ஆனால் அவை மிகச் சிறியவை, ஒன்றோடொன்று சேராதவை. பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும். விரலை எடுத்தால் பழையபடி எழும்பிவிடும். காட்பாடிக்கு அருகே கரிகிரியில், 1955இல் திறக்கப்பட்ட ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்தக் காலணிக்குப் பெயர் பெற்றது. ரப்பரை அங்கேயே தயாரித்தார்கள், தொழிலாளிகளைப் பழக்கினார்கள்.

அந்தச் செருப்பின் அமைப்பைக் கவனித்தால் பல உண்மைகள் விளங்கும். உள்ளே மெத்தென்ற ரப்பர். வெளியே முள்ளும் கண்ணாடியும் துளைக்காத கடினமான அடித்தளம். ஆணி ஒன்றுகூடக் கிடையாது; எல்லாம் பசையாலும் தையலாலும் சேர்க்கப்பட்டவை, ஏனெனில் தேய்ந்த செருப்பின் ஆணி உள்பக்கமாக எழும்பினால் உணர்ச்சியற்ற கால் அதை அறியாது. பின்னங்காலைச் சுற்றி ஒரு வார். விரலிடுக்கால் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க அந்தக் கால்களால் ஆகாது. முன்பக்கம் அகலம், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

இவ்வளவு நல்ல செருப்பைச் சிலர் அணிய மறுத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் கறுப்பு ரப்பரைக் கண்டவுடன் ‘இவர் தொழுநோயாளி’ என்று தெருவில் தெரிந்துவிடும். காலைக் காத்த செருப்பு மானத்தைக் காக்கவில்லை. நாளடைவில் வைத்திய நிலையங்கள் நிறத்தையும் வாரின் அமைப்பையும் கடைச் செருப்பைப்போல் மாற்றவேண்டி வந்தது. காலணி காலுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, அணிகிறவரின் வாழ்க்கைக்கும் பொருந்த வேண்டும் என்பதை வைத்தியர்கள் இப்படித்தான் கற்றார்கள். மும்பைவாசிகளான நமக்கு இந்தக் கதை தூரத்துக் கதையன்று. நகராட்சி ஆணையராக இருந்த அக்வொர்த் 1890இல் மாதுங்காவில் ஏற்படுத்திய தொழுநோயாளர் இல்லம், இன்று வடாலாவில் அவர் பெயராலேயே ஆஸ்பத்திரியாக விளங்குகிறது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னும் ஊருக்குப் போனார். அங்கே அவர் கண்டது ஆச்சரியமானது. நீரிழிவு நோயாளிகளின் கால்கள் வேலூரில் பார்த்த கால்களைப் போலவே இருந்தன. அவர்களுக்கும் நரம்பு மரத்துப்போய்விடுகிறது. அவர்களும் வலியில்லாமல் நடந்து புண்ணைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். காலை வெட்டி எடுப்பதே அங்கே வழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டு ஏழைகளிடம் கற்ற பாடத்தை அவர் செல்வந்த நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் 2003இல் காலமானார். தொழுநோய் இன்று மருந்துக்கு அடங்குகிறது. நீரிழிவோ வீட்டுக்கு வீடு புகுந்திருக்கிறது. 1954இல் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கிய சென்னை ராயபுரம் நீரிழிவு மருத்துவமனை போன்ற இடங்களில், இப்போது மருந்துச் சீட்டோடு காலணிக்கும் யோசனை சொல்லுகிறார்கள். அந்த யோசனையின் வேர் கரிகிரியில் இருக்கிறது.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. அந்நியர் வகுத்த எண்ணிலேயே நாம் காலணி வாங்கிவந்தோம். சென்னை அடையாற்றில் 1948இல் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில், 5 முதல் 55 வயது வரையுள்ள 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கரின் பாதத்தைக் காட்டிலும் அகலமானது என்று தெரியவந்தது. அகலம் போதாமையால் நம்மவர்கள் ஓர் எண் பெரியதாக வாங்கி, நீளத்தில் தளர்ந்துபோன பூட்ஸைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்ளும் விந்தைக்கு இதுதான் காரணம். பெண்களின் பாத வளர்ச்சி பதினோராம் வயதிலும், ஆண்களுக்குப் பதினைந்து பதினாறாம் வயதிலும் உச்சத்தை எட்டுகிறதாம். இந்த ஆராய்ச்சியின் பயனாக, பாரதத்தின் முதலெழுத்தால் ‘பா’ என்று பெயரிட்டு, வயதுக்கேற்ப எட்டுப் பிரிவுகளாக ஒரு புதிய அளவு முறையை வகுத்து, இந்தியத் தர நிறுவனத்தின் முன் வைத்தார்கள். கட்டை மாறினாலன்றி எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது நம் அபிப்பிராயம். கட்டையையே மாற்றத்தான் இந்த முயற்சி என்பது மகிழத்தக்கது.

இனி, கடையில் நாம் செய்ய வேண்டியது என்ன? மாலையில் வாங்குவது உத்தமம். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் அப்போது சற்றுப் பருத்திருக்கும். எழுந்து நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பெரிதாயிருக்கும். பெரியதற்கே வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். சிலருக்கு நீண்ட விரல் பெருவிரலன்று, அடுத்ததுதான். பாதத்தின் மிக அகலமான இடமும் காலணியின் மிக அகலமான இடமும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. ‘போடப் போட இளகிவிடும்’ என்று கடைக்காரர் சொல்லுவதை நம்ப வேண்டாம். இளகுவது பெரும்பாலும் நம் தோல்தான். நீரிழிவுள்ளவர்கள் புதுக் காலணியை முதலில் இரண்டு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றி, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காலை நுழைக்குமுன் கையை நுழைத்துத் துழாவிப் பார்ப்பது அவசியம்.

தேவனார்க் குப்பைமேட்டில் 1927 முதல் நகரத்தின் கழிவு குவிந்து வருகிறது. அங்கே பொறுக்கிப் பிழைப்பவர்கள் தேய்ந்த ரப்பர்ச் செருப்போடு நடமாடுவதைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் அந்த மெல்லிய அடித்தளத்தை எளிதில் துளைத்துவிடும். மழைக்காலத்திலோ அபாயம் இரட்டிப்பு. 2005 ஜூலை 26ஆம் தேதிப் பெருமழைக்குப் பின் இந்நகரில் எலிக் காய்ச்சல் பரவியதை மறந்திருக்க மாட்டோம். தேங்கிய நீரில் நின்ற கால்களின் சிறு கீறல் வழியாகவும் அது புகும். அவர்களுக்கு வேண்டியது தடித்த அடித்தளமும் மூடிய முன்பக்கமும் உடைய பூட்ஸ். அதை அவர்களே வாங்கட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. அவர்களுடைய உழைப்பால் சுத்தமாகிற நகரமே வாங்கிக் கொடுக்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இரண்டு வருஷத்துக்கு வரட்டும்’ என்று பெரிதாக வாங்குவதும், அண்ணன் கழித்த பூட்ஸைத் தம்பிக்கு மாட்டுவதும் வீட்டுச் சிக்கனமாகத் தோன்றும். அண்ணனின் நடை பதிந்துபோன பூட்ஸ் தம்பியின் காலைத் தன் வழிக்கு இழுத்துவிடும். வசதியில்லாத போது, விலை குறைந்ததே ஆனாலும் அளவான புதுச் செருப்பு மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் முனையில் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தால் போதும்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு மும்பையிலிருந்து காலணி வாங்கிப் போவது நம்மவர் வழக்கம். பாத நீளத்துக்கு ஒடித்த ஈர்க்குச்சி ஒன்று சட்டைப்பையில் வரும். கடையில் அதைச் செருப்பின் மேல் வைத்துப் பார்ப்போம். ஈர்க்குச்சிக்கு நீளம் மட்டுமே தெரியும். அடுத்த தடவை, பிள்ளையைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்து, இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். கோவண்டிக் கடையில் எண்ணைக் கேட்குமுன் அந்தக் காகிதத்தைத் தரையில் விரித்து, காலணியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.